கேனும் கயிறும் வெள்ளை வேட்டியும்

2022 ஜூன் 4, சனிக்கிழமை. திருநெல்வேலி மாவட்டம் பணகுடி அருகே, நிறுத்தி வைத்திருந்த ஒரு காருக்குள் விளையாடப் புகுந்த 3 குழந்தைகள் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே இறந்துபோனார்கள். மறுநாள் ஞாயிறு. கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே ஏ.குச்சிப்பாளையம் பக்கம் கெடிலம் ஆற்றில் குளிக்கப் போன 7 பேர், சிறுமிகளும் இளம்பெண்களுமாக, மூழ்கி இறந்தார்கள். முதலில் சிக்கியவர்களைக் காப்பாற்றப் போய் மற்றவர்களும் அடுத்தடுத்துப் பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் சில நாள் இருந்தது.

கோடை நம்மைக் கொல்லும் வழிகளில் இரண்டு, அடுத்தடுத்த இரு நாளில். ஒன்றில் வெயில் நேராக வேலை செய்தது. மற்றதில், வெயில் தாளாமல் தண்ணீரைத் தேடிப் போனவர்களைத் தண்ணீர் கொண்டுபோனது. இந்தியாவில் நீரில் மூழ்கி இறப்பவர்கள் ஆண்டுக்கு 35 ஆயிரத்துக்கும் மேல். இவர்களில் கடலில் போனவர்களைவிட ஏரி, குளம், கிணறு, ஆற்றுப் பள்ளம் என்று வீட்டுப் பக்கத்துத் தண்ணீரில் போனவர்கள்தான் அதிகம்.

ஏப்ரல் பிறந்தால் இதற்கெல்லாம் பரிகாரம் என்று சில கருவிகள் கடைக்கு வந்துவிடுகின்றன. கார்க் கண்ணாடியில் மாட்டும் சூரிய ஒளி மின்விசிறி, யுஎஸ்பியில் ஓடும் குட்டிக் கூலர், குழந்தையின் கையில் மாட்டும் காற்றுப்பை, கழுத்தில் தொங்கும் நீர்புகா மொபைல் உறை. எதை வாங்கலாம், எதை விடலாம்? விளம்பரத்தைப் படித்து இதற்குப் பதில் கிடைக்காது. கருவியிடம் ஒரே ஒரு எண்ணைக் கேட்க வேண்டும். தண்ணீர்க் கருவி என்றால், எத்தனை கிலோ தூக்குவாய்? வண்டிக் கருவி என்றால், எத்தனை வாட் வெயிலைத் தடுப்பாய்? இந்த எண்ணைச் சொல்லாத கருவிக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம்.

மனித உடல் தண்ணீரைவிடக் கனமா, லேசா? கிட்டத்தட்டச் சமம். மூச்சை முழுதாக இழுத்து வைத்திருந்தால் உடல் தண்ணீரைவிடச் சற்று லேசு. மூச்சை விட்டுவிட்டால் சற்றுக் கனம். நுரையீரல் நிறையக் காற்று இருக்கும்போது நமக்குக் கிடைக்கும் உபரி மிதப்பு ஓரிரு கிலோதான். இப்போது தண்ணீரில் தத்தளிப்பவர் கையைத் தூக்கினால் என்ன ஆகும் என்று பாருங்கள். 60 கிலோ ஆளின் ஒரு கை ஏறக்குறைய 3 கிலோ. தண்ணீருக்குள் இருக்கும் வரை அந்தக் கையைத் தண்ணீரே சுமக்கிறது. இரண்டு கையையும் வெளியே தூக்கினால் 6 கிலோ பாரம் உடல்மேல் ஏறிவிடுகிறது. கையில் இருந்த உபரியோ ஓரிரு கிலோ. ஆள் உள்ளே போகிறார். கத்தினால் நுரையீரல் காற்றும் போய், இருந்த உபரியும் கரைகிறது.

உண்மையில் பெரும்பாலோர் கத்துவதுமில்லை. நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் பீச்சில் உயிர்க்காவலராக இருந்த பிரான்செஸ்கோ பியா, 1970களில் மூழ்குபவர்களைப் படம்பிடித்து ஆராய்ந்தார். நீச்சல் தெரியாதவர் மூழ்கும்போது வாய் தண்ணீருக்கு மேலே வரும் நேரம் மூச்சிழுக்கவே போதாது. பிறகு எப்படிக் கூப்பிடுவது? கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தித் துடிக்கின்றன. கயிறு கிட்டே வந்தாலும் எட்டிப் பிடிக்க முடிவதில்லை. 20 முதல் 60 வினாடிக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சினிமாவில் காட்டுவதுபோல் “காப்பாத்துங்க” என்று மூன்று முறை மேலே வந்து கத்திவிட்டு யாரும் மூழ்குவதில்லை. பக்கத்தில் குளித்துக்கொண்டிருப்பவருக்கே தெரியாமல் போவது இதனால்தான்.

ஆற்றுப் பள்ளம் இதில் இன்னொரு கொடுமையைச் சேர்க்கிறது. கோடையில் கெடிலமோ வெள்ளாறோ பார்ப்பதற்குச் சாது. முழங்கால் ஆழம், அடியில் மணல். தடுப்பணையின் கீழே வெள்ளம் பறித்த குழியும், மணல் அள்ளிய பள்ளமும் மேலிருந்து பார்த்தால் தெரியாது. நீருக்கடியில் தளர்ந்து கிடக்கும் மணல் ஏறக்குறைய 30 பாகைச் சரிவில்தான் நிற்கும். அதன் விளிம்பில் கால் வைத்தால் மணல் காலோடு சேர்ந்து சரியும். மேலேற எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் கீழேதான் கொண்டுபோகும். கைகோத்துக் காப்பாற்றப் போகிறவருக்கும் அதே மணல், அதே சரிவு. கெடிலத்தில் ஒருவர் பின் ஒருவராக ஏன் போனார்கள் என்பதற்கு இயற்பியல் சொல்லும் பதில் இதுதான்.

ஆக, தேவைப்படுவது இரண்டு. சில கிலோ மிதப்பு, அதைக் கரையிலிருந்தே கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு நீளம்.

எத்தனை கிலோ? வயது வந்த ஒருவரின் வாயும் மூக்கும் தண்ணீருக்கு மேலே நிற்க, 3 முதல் 5 கிலோ கூடுதல் மிதப்புப் போதும். கேட்டவுடன் நம்புவது கடினம். 80 கிலோ ஆளை 5 கிலோவா தூக்கும்? மீதியைத் தண்ணீரே தூக்கிவிடுகிறது. தலையை மட்டும்தான் நாம் தூக்க வேண்டும்.

மூடி இறுக்கிய 2 லிட்டர் காலி பாட்டில் ஏறக்குறைய 2 கிலோ தூக்கும். இரண்டு பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் ஓர் ஆள் மிதக்கலாம். 20 லிட்டர் தண்ணீர்க் கேன், மூடி சரியாக இருந்தால், 19 கிலோ தூக்கும். நான்கு பேர் பிடித்துத் தொங்கலாம். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்தால், காற்று வெளியேறாத வரை, 14 கிலோவுக்கு மேல். கிணற்றில் நீச்சல் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகினார்கள், வாழைமரத்தைப் பிடித்துப் பழகினார்கள். பிறகு லாரி டியூப் வந்தது. இப்போது டியூப்லெஸ் டயர் பெருகி அதுவும் அரிதாகிவிட்டது. டியூபில் ஒரு குறை: நிறையத் தூக்கும், ஆனால் நடுவில் ஓட்டை. கை நழுவினால் ஆள் அதன் வழியே கீழே போய்விடுவார். குழந்தைகளுக்கு விற்கும் வண்ண வண்ணக் காற்று வளையத்துக்கும் அதே குறைதான். அவை விளையாட்டுப் பொருள்கள். உயிர்காக்கும் கருவி என்று அவற்றை எந்தத் தரவிதியும் சொல்வதில்லை.

மழைக்காலத்துக்கு முன்பு தீயணைப்பு வீரர்கள் ஊர் ஊராகச் செய்துகாட்டும் ஒத்திகையில் காலி பாட்டில், கேன், வாழைமரம் எல்லாம் வரும். வேடிக்கை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, கணக்கு சரியாக இருக்கிறது.

லைஃப் ஜாக்கெட் இதே கணக்கின் ஒழுங்கான வடிவம். சர்வதேசத் தரம் அதை 50, 100, 150, 275 நியூட்டன் என்று நான்கு படியாகப் பிரிக்கிறது. 10 நியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு கிலோ தூக்குதிறன். 50 நீச்சல் தெரிந்தவருக்கு, கரை பக்கத்தில் இருக்கும்போது. 150, நினைவிழந்து குப்புறக் கிடப்பவரையும் மல்லாத்தி முகத்தை மேலே கொண்டுவரும் அளவு. உள்ளே இருப்பது நுரை. ஆயிரக்கணக்கான மூடிய குமிழிகளில் அடைபட்ட காற்று. இந்த நுரை வருவதற்கு முன், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், கப்பல்களின் மிதவை ஜாக்கெட்டுகளில் அடைத்திருந்தது இலவம்பஞ்சு. அந்த இழை உள்ளே குழலாகவும் வெளியே மெழுகு பூசியதாகவும் இருப்பதால் தன் எடையைப்போல் முப்பது மடங்குவரை தாங்கும். எண்ணெய் பட்டால் மெழுகு போய் நனைந்துவிடும் என்பதால் பின்னாளில் கைவிட்டார்கள். நம் வீட்டுத் தலையணை ஒரு காலத்தில் மாலுமிகளின் உயிரைக் காத்தது.

பிச்சாவரம் படகுத்துறையில் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டிவிடுகிறார்கள். மாட்டியவர்கள் செல்பிக்கு அழகில்லை என்றோ புழுக்கம் என்றோ முன்பக்கப் பட்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருப்பதை அங்கே போகும் யாரும் பார்க்கலாம். அவிழ்ந்த ஜாக்கெட் தண்ணீரில் என்ன செய்யும்? 10 கிலோ விசையோடு தான் மேலே வரும். ஆள் கீழே நழுவுவார். ஜாக்கெட் காது வரை ஏறி நிற்கும், வாய் தண்ணீருக்குள் இருக்கும். சோதிப்பது எளிது. மாட்டியபின் பக்கத்தில் இருப்பவரை இரு தோள்பட்டையையும் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் மோவாயைத் தொட்டால் தளர்வு. இன்னும் இறுக்க வேண்டும். சுரபுன்னைக் காட்டின் வாய்க்கால்கள் பெரும்பாலும் ஆழமில்லாதவைதான். ஆனால் சேற்றில் கால் புதைந்தவருக்கு இடுப்பளவுத் தண்ணீரும் ஆழம்தான்.

இப்போது நீளம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் துணி துவைத்துக்கொண்டிருந்த மூன்று பெண்கள், தண்ணீரில் தத்தளித்த இளைஞர்களைப் பார்த்தார்கள். ஒரு நொடி யோசிக்கவில்லை. கட்டியிருந்த புடவையை அவிழ்த்து வீசி இழுத்தார்கள். நான்கு பேரில் இருவர் பிழைத்தார்கள். அந்த ஆண்டுச் சுதந்திர தினத்தில் தமிழக அரசு அந்தப் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. துணிச்சலைப் பாராட்டி எல்லோரும் எழுதினார்கள். பொருளின் குணத்தையும் பார்க்க வேண்டும். புடவை ஐந்தரை மீட்டர். இரண்டை முடிந்தால் 10 மீட்டருக்குக் கிட்டே. பருத்தி இழை நனைந்தால் வலு குறையாது, கூடும். துவைக்கும் கல்லில் நூற்றாண்டுகளாக அடிபட்டும் தாங்கியதற்கு ஒரு காரணம் அதுதான். அகலமான துணி என்பதால் விரல் தளர்ந்தவரும் கையில் சுற்றிக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேல், இழுப்பவர் கரையில் நிற்கலாம்.

புடவையின் ஒரே குறை, அது மூழ்கும். பருத்தியின் அடர்த்தி தண்ணீரைப்போல் ஒன்றரை மடங்கு. நைலானும் மூழ்கும், அதன் அடர்த்தி 1.14. பாலிபுரோப்பிலீன் மட்டும் 0.91, அது மிதக்கும். கடலூர் முதுநகர்த் துறைமுகத்தை ஒட்டிய வலைக்கடைகளில் “நைலான் கயிறு” என்று கேட்டாலும் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீனோ அதன் தம்பியான பாலிஎத்திலீனோதான் கிடைக்கும். சந்தேகமிருந்தால் ஒரு விரல்நீளத் துண்டை வெட்டி வாளியில் போட்டுப் பாருங்கள். மிதந்தால் வாங்குங்கள். 15 மீட்டர் போதும், விரல் பருமன். அதைவிட மெல்லிசானால் ஈரக் கையை அறுக்கும். ஒரு முனையில் 5 லிட்டர் காலி எண்ணெய்க் கேனைக் கட்டுங்கள். கேனுக்குள் அரை லிட்டர் தண்ணீர் விட்டு மூடியை இறுக்குங்கள். அந்தத் தண்ணீர் எதற்கு? வெறும் கேனை வீசினால் கடற்காற்று வேறு பக்கம் தள்ளிவிடும். அரைக் கிலோ இருந்தால் நேராகப் போகும்; அப்போதும் நாலரைக் கிலோ அளவுக்கு மிதப்பு மிச்சமிருக்கும். மறுமுனையில் ஒரு கண்ணி போட்டுக் கரையில் மரத்திலோ கம்பத்திலோ மாட்டிவிடலாம். கேனைத் தத்தளிப்பவரைத் தாண்டி வீசி, அவர் மார்பை நோக்கி மெல்ல இழுக்க வேண்டும். அவரால் கையை நீட்ட முடியாது என்று மேலே பார்த்தோம். கேன்தான் அவரிடம் போக வேண்டும்.

ஒரு ஊதலும் சேர்ந்திருந்தால் நல்லது. உள்ளே உருண்டை இல்லாத ஊதலாகப் பார்த்து வாங்குங்கள். உருண்டை நனைந்து ஒட்டிக்கொண்டால் சத்தம் வராது. கனடாவின் கூடைப்பந்து நடுவர் ரான் பாக்ஸ்கிராஃப்ட், ஆட்டத்தின் நடுவே ஊதல் அடைத்துக்கொண்டு அவமானப்பட்ட பிறகு உருவாக்கி, 1987இல் கொண்டுவந்த உருண்டையில்லா ஊதல்தான் இன்று உலகமெங்கும் மீட்புக்காரர்களின் கழுத்தில் தொங்குகிறது.

மொபைல் உறை பற்றி இரண்டு வரி. ஐபி67 என்று போட்டிருந்தால் ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் 30 நிமிடம் தாங்கியது என்று பொருள். உப்புநீர் அந்தச் சோதனையில் இல்லை. 200 கிராம் போன் மிதக்க வேண்டுமானால் உறைக்குள் ஓர் உள்ளங்கை அளவு காற்றையும் அடைத்துப் பூட்டுங்கள். சிதம்பரம் பக்கம் பழைய கொள்ளிடத்தில் இருக்கும் முதலைக்கு மட்டும் எந்தக் கருவியும் விற்பனைக்கு வரவில்லை. வனத்துறை பலகை வைத்த இடத்தில் இறங்காமலிருப்பதுதான் வழி.

இனி வண்டி.

நிறுத்திய காரின் கண்ணாடி, சூரிய ஒளியை உள்ளே விடும். உள்ளே டேஷ்போர்டும் இருக்கையும் அதை உறிஞ்சிச் சூடாகி, நெடிய அலை அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி வீசும். அந்த அலைக்குக் கண்ணாடி சுவர். சூடேறிய காற்றும் வெளியே போக வழியில்லை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறக்குறைய 1000 வாட் விழுகிறது. முன்கண்ணாடி, பின்கண்ணாடி, பக்கக் கண்ணாடிகள் எல்லாம் சேர்ந்து உள்ளே விடுவதும் ஏறக்குறைய ஆயிரம் வாட் என்று வைத்துக்கொள்ளலாம். காருக்குள் ஓர் இஸ்திரிப்பெட்டியை ஓட விட்டுக் கதவைச் சாத்திய கணக்கு.

2005இல் அமெரிக்காவில் மெக்லாரன், நல், குவின் ஆகிய மூவர் அளந்தார்கள். ஒரு மணி நேரத்தில் காரின் உள்வெப்பம் சராசரியாக 22 பாகை ஏறியது. அதில் 80 சதவீதம் முதல் அரைமணிக்குள்ளேயே ஏறிவிட்டது. கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வைத்தாலும் பெரிய வேறுபாடில்லை. “ரெண்டு நிமிஷத்துல வந்துடறேன்” என்று குழந்தையை உள்ளே விட்டுப் போகும் வழக்கத்துக்கு இந்த எண்களே பதில். குழந்தையின் உடல் பெரியவரைவிட மூன்று முதல் ஐந்து மடங்கு வேகமாகச் சூடேறும்.

2018இல் அரிசோனாவில் செய்த இன்னொரு ஆய்வு, நிழலின் விலையைச் சொல்கிறது. ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற காரில் டேஷ்போர்டு 69 பாகை, ஸ்டீயரிங் 53, இருக்கை 51. நிழலில் நின்ற காரில் டேஷ்போர்டு 48, ஸ்டீயரிங் 42, இருக்கை 41. டேஷ்போர்டில் மட்டும் 21 பாகை வித்தியாசம். இதற்குக் கிட்டே வரும் கருவி எதுவும் கடையில் இல்லை. பெர்ப்யூம் டப்பாவில் 50 பாகைக்கு மேல் வைக்காதே என்று அச்சிட்டிருப்பதையும் இந்த 69ஐயும் சேர்த்துப் படியுங்கள். லைட்டருக்கும் பவர் பேங்குக்கும் அதே எச்சரிக்கை.

சரி, சூரிய ஒளி மின்விசிறி. உள்ளங்கை அளவு பலகை. 100 சதுர சென்டிமீட்டர். அதன்மேல் விழுவதே 10 வாட் வெயில்தான். அதில் மின்சாரமாவது 2 வாட்டுக்குள். அந்த 2 வாட்டில் சுழலும் விசிறி மணிக்கு 10 கன மீட்டர் காற்றை வெளியேற்றுகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்று ஒரு பாகைக்கு 1.2 கிலோஜூல் சுமக்கும். உள்ளுக்கும் வெளிக்கும் 20 பாகை வித்தியாசம் என்றால் விசிறி வெளியேற்றும் வெப்பம் 67 வாட். உள்ளே வருவது ஆயிரம். விசிறி சுழலும், சத்தமும் வரும், மனசுக்கு ஆறுதலாகவும் இருக்கும். அவ்வளவுதான்.

ஆயிரம் வாட்டை உள்ளே விட்டபின் வெளியேற்றப் பாடுபடுவதைவிட, உள்ளே வராமல் தடுப்பதுதான் புத்தி. சன்ஷேடு அதைச் செய்கிறது, ஆனால் கண்ணாடிக்கு உள்பக்கம் வைப்பதால் பாதிப் புத்தி. பளபளப்பான பக்கம் வெளியே பார்த்தபடி இருந்தால் ஒளியில் நல்ல பங்கைக் கண்ணாடி வழியே திருப்பி அனுப்பும். மீதியை உறிஞ்சிச் சூடாகி அந்தச் சூட்டைக் காருக்குள்ளேயே விடும். டேஷ்போர்டும் ஸ்டீயரிங்கும் தப்பும். காற்றுச் சூடு கொஞ்சம்தான் குறையும். அதையே கண்ணாடிக்கு வெளியே போட்டால் உறிஞ்சிய சூடும் வெளியேதான் போகும். நான்கு முழ வெள்ளை வேட்டியை மடித்து முன்கண்ணாடிமேல் விரித்து, இரு முனையையும் முன்கதவுகளில் இடுக்கிப் பாருங்கள். காற்றுக்குப் பறக்காது, கதவைத் திறக்காமல் யாரும் எடுத்துப் போகவும் முடியாது. கடையில் விற்கும் கருவிகளில் பாதியைவிட இது நன்றாக வேலை செய்யும். பார்க்க நன்றாயில்லை என்பார்கள். இல்லைதான்.

வண்டியின் நிறமும் பேசும். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் 2011இல் ஒரே மாடல் காரைக் கறுப்பிலும் வெள்ளியிலும் வெயிலில் நிறுத்தியது. வெள்ளிக் காரின் கூரை 25 பாகைவரை குளிர்ச்சி. உள்காற்று 5, 6 பாகை குறைவு.

கறுப்பு பிலிம் ஒட்டினால் சூடு குறையும் என்பது பாதி உண்மை. சூரிய ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. கறுப்பு பிலிம் கண்ணுக்குத் தெரியும் பாதியைத்தான் முக்கியமாக உறிஞ்சுகிறது; உறிஞ்சிக் கண்ணாடியைச் சூடாக்குகிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிமைத் தடை செய்தபோது, முன்பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை விட வேண்டும் என்ற விதியைச் சுட்டியது. அகச்சிவப்பை மட்டும் தடுத்து வெளிச்சத்தை விடும் கண்ணாடியோடே சில கார்கள் இப்போது வருகின்றன. புதுக் கார் வாங்குபவர் கேட்டுப் பார்க்கலாம்.

வெளிநாட்டுக் குறிப்புகள் சொல்லும் ஓர் அறிவுரை இங்கே எடுபடாது. “சூரியனுக்கு முதுகு காட்டி நிறுத்துங்கள்” என்பார்கள். சிதம்பரம் 11.4 பாகை வடக்கே இருக்கிறது. ஏப்ரல் 20ஐ ஒட்டி நடுப்பகல் சூரியன் நேர் உச்சியில். மே மாதம் உச்சியைத் தாண்டிச் சற்றே வடக்கே. அந்த நேரத்தில் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் கூரையும் சாய்ந்த முன்கண்ணாடியும் வெயிலை வாங்கியே தீரும். மூன்று மணிக்கு மேல்தான் திசை உதவும். அப்போது முன்கண்ணாடி கிழக்கே பார்க்கட்டும். மர நிழலைத் தேடுபவர் மரத்தின் கிழக்கே, சற்றுத் தெற்கே தள்ளி நிறுத்தினால் பிற்பகல் நிழல் வண்டியைத் தேடி வரும்.

குட்டிக் கூலர் ஏன் ஏமாற்றுகிறது என்பதையும் இந்த ஊர்க் காற்றை வைத்தே சொல்லலாம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். தியாகவல்லி, நொச்சிக்காடு மணலில் விளையும் வெட்டிவேரைத் தட்டியாக்கி நனைத்துத் தொங்கவிடுவதன் அறிவியல் இதுதான். ஆனால் காற்று உலர்ந்திருக்க வேண்டும். காலை 11 மணி, 38 பாகை, ஈரப்பதம் 40 சதவீதம் என்றால் நனைந்த தட்டி காற்றை 27 பாகைவரை இறக்க முடியும். கடற்காற்று வந்து 34 பாகை, 70 சதவீதம் ஆகிவிட்டால் எல்லை 29. ஐந்து பாகைகூடத் தேறாது. கடலிலிருந்து தள்ளியிருக்கும் விருத்தாசலத்தில் பலிக்கும் வித்தை கடலோரக் கடலூரில் பாதிதான் பலிக்கும். மூடிய காருக்குள் வைத்தால் இன்னும் மோசம். ஆவி வெளியேறாமல் புழுக்கம்தான் ஏறும்.

ஏறும்போது என்ன செய்வது? எல்லாக் கதவையும் திறந்து அரை நிமிடம் விடுங்கள். உள்ளிருக்கும் காற்று 3 கன மீட்டர்தான். அதன் சூடு உடனே போய்விடும். இருக்கையிலும் டேஷ்போர்டிலும் தங்கிய சூடு அதைப்போல் இருபது மடங்கு. அதற்கு ஏசி, முதல் சில நிமிடம் கண்ணாடியை இறக்கிவிட்டு. டயர் சூடேறி அழுத்தம் மூன்று நான்கு பிஎஸ்ஐ கூடியிருந்தால் காற்றைப் பிடுங்காதீர்கள். ஆறியதும் அது தானே இறங்கும்.

தண்ணீரும் வண்டியும் சேரும் ஓர் இடம் பாக்கி. ஜூனில் மேட்டூர் திறந்து, கீழணை வழியாக வாய்க்கால்களில் தண்ணீர் ஓடத் தொடங்கினால் கான்சாகிப் வாய்க்கால், ராஜன் வாய்க்கால் கரைச் சாலைகளில் வண்டி ஓட்டுவது வேறு ஆட்டம். கவிழ்ந்து நீரில் விழுந்த கார் உடனே மூழ்காது. ஏறக்குறைய ஒரு நிமிடம் மிதக்கும். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட் கார்களை நிஜமாகவே தண்ணீரில் இறக்கிச் சோதித்தவர். அவர் சொல்லும் வரிசை: பெல்ட்டை அவிழ், கண்ணாடியை இறக்கு, குழந்தைகளை முதலில் அனுப்பு, வெளியேறு. போனை எடுக்காதே. கதவைத் தொடாதே. ஏன் கதவு கூடாது? கதவின் பரப்பு ஒரு சதுர மீட்டர், அதன்மேல் நிற்கும் நீரின் சராசரி ஆழம் அரை மீட்டர் என்றாலே 500 கிலோ அழுத்துகிறது.

கண்ணாடி இறங்கவில்லையா? இங்கேதான் வண்டிக்கென்று காசு கொடுத்து வாங்கத் தக்க ஒரே கருவி வருகிறது: ஸ்பிரிங் வைத்த கண்ணாடி உடைப்பான். பேனா அளவு, சில நூறு ரூபாய். பக்கக் கண்ணாடியின் மூலையில் வைத்து அழுத்தினால் கண்ணாடி பொடிப்பொடியாக உதிரும். 2019இல் அமெரிக்க மோட்டார் சங்கம் ஆறு கருவிகளைச் சோதித்தது. நான்கு உடைத்தன, சுத்தியலைவிட ஸ்பிரிங் வகை மேல். ஆனால் இரட்டைக் கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த லேமினேட்டட் வகையை ஒன்றுகூட உடைக்கவில்லை. முன்கண்ணாடி எப்போதும் அந்த வகைதான். உங்கள் காரில் பக்கக் கண்ணாடி எந்த வகை என்று அதன் மூலையில் பொறித்திருக்கும், இன்றே பாருங்கள். கருவியை டிக்கியில் போடாமல் கை எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள்.

பூட்டிய காருக்குள் சிக்கிய குழந்தையை வெளியிலிருந்து மீட்கவும் இதே கருவிதான். குழந்தைக்குச் சொல்லித்தர வேண்டியது ஒன்று உண்டு. பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே ஹாரன் அடிக்கும். சிக்கிக்கொண்டால் ஹாரனை விடாமல் அழுத்தச் சொல்லுங்கள். காலியாக நிற்கும் காரைப் பூட்டி, சாவியைக் குழந்தை எட்டாத உயரத்தில் மாட்டுவது பெரியவர் வேலை.

தண்ணீரிலிருந்து எடுத்த ஆளைத் தலைகீழாகப் பிடிப்பதும், தலைமேல் குப்புறப் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்குவதும் ஊர்களில் இன்னும் நடக்கிறது. நேரம்தான் வீண். மூச்சு இல்லையென்றால் மல்லாத்திப் படுக்கவைத்து முதலில் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள்; பிறகு மார்பின் நடுவில் 30 அழுத்தம், 2 ஊதல், மறுபடி 30. மூழ்கியவருக்குப் பற்றாக்குறை காற்றுதான், அதனால் காற்றே முதலில். இன்னொருவர் 108ஐக் கூப்பிடட்டும்.

உங்கள் ஊர்த் தடுப்பணையிலோ குளத்துப் படித்துறையிலோ ஐந்து லிட்டர் கேனையும் 15 மீட்டர் கயிற்றையும் இந்த வாரம் ஒரு கம்பத்தில் மாட்டி வையுங்கள். யாராவது அவிழ்த்துக்கொண்டு போனால் மறுபடியும் மாட்டுங்கள்.